விசிறி யார் கையில்?

ஏ.சி. இல்லாத அந்தக் காலம் எவ்வளவு சுகமாக இருந்தது என்று பெருமூச்சு விடுவோர் இன்று அதிகம். அதில் பாதி உண்மை. மறுபாதியையும் சொல்லியாக வேண்டும்.

செங்கற்பட்டுச் சீமையில் கோடை என்றைக்குமே கடுமைதான். ஆனால் அதைத் தாங்க மக்களிடம் உபாயங்கள் இருந்தன. மண் சுவர், பனையோலைக் கூரை, தெருத் திண்ணை, பானைத் தண்ணீர், நுங்கு. ஏரிக்கரையில் மர நிழல். பிற்பகலானால் மாமல்லபுரத்துப் பக்கமிருந்து கடற்காற்று. இவற்றுக்கு மின்சாரக் கட்டணம் கிடையாது. ஆனால் அதே காலத்தில்தான் சேரி மக்கள் ஊர்க் கிணற்றை அண்டக்கூடாது என்ற கொடுமையும் இருந்தது. திண்ணை நிழல்கூட எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

பணமும் அதிகாரமும் படைத்தவர்கள் அன்றும் குளிர்ச்சியை விலைக்கு வாங்கினார்கள். துரைமார்களின் கச்சேரியில் தொங்கிய பங்காவை மணிக்கணக்கில் கயிறு பிடித்து இழுத்தவன் நம் நாட்டுக் கூலிக்காரன். காற்று துரைக்கு, வேர்வை கூலிக்காரனுக்கு! அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அந்தப் பனிக்கட்டி எந்த ஏழையின் தாகத்தைத் தீர்த்தது?

ஏ.சி. இயந்திரத்தின் பிறப்பும் இதே கதைதான். 1902-ல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தார். எதற்காக? ஈரக் காற்றில் காகிதம் விரிந்து வர்ணங்கள் இடம் மாறிப் பதிந்தன, அதைத் தடுப்பதற்காக. தொழிலாளியின் வேர்வைக்காக அல்ல, காகிதத்துக்காக!

இன்று சிறுசேரி அலுவலகங்களும் கடற்கரைச் சொகுசு விடுதிகளும் குளிர்கின்றன. அந்த இயந்திரங்கள் உள்ளேயுள்ள வெப்பத்தை அழிப்பதில்லை, வெளியே தள்ளுகின்றன. அந்த வெளியில் நிற்பவர் யார்? கேளம்பாக்கம் பக்கத்து உப்பளத் தொழிலாளி, மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் சிற்பத் தொழிலாளி, செங்கல் சூளையிலும் கட்டிட வேலையிலும் மாளும் ஆணும் பெண்ணும்.

தொழிலாளிக்கு நியாயமான சௌகரியம் தரும் காற்றோட்டமும் வெப்பநிலையும் வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு விதித்தது. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலைச் சுவரோடு நின்றது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்கிறோம். ஆனால் செத்த பிறகு நிவாரணம் கிடைத்தால் போதுமா? உயிரோடிருக்கும்போது நிழல் வேண்டாமா?

கடும் வெயில் நாட்களில் பகல் 12 முதல் 3 மணி வரை, கூலிப் பிடித்தமின்றி ஓய்வு. வேலைத்தலம்தோறும் பந்தல், குடிநீர், பெண்களுக்குக் கழிப்பிடம். ஆக்கிரமிக்கப்பட்ட ஏரிகளை மீட்டுப் பனையும் புங்கனும் நடுதல். இவை ஆடம்பரக் கோரிக்கைகள் அல்ல. அடுத்த அக்கினி நட்சத்திரம் வரும்வரை காத்திராமல், சங்கங்கள் இன்றே இவற்றைக் கையிலெடுக்க வேண்டும்.