குறைவு வேறு, காரணம் வேறு

சோரியாசிஸ் என்னும் தோல் வியாதிக்காரர்களுக்கு இரத்தத்தில் வைட்டமின் டி குறைவு என்றும், ஆதலால் அதை விழுங்கிவிட்டால் வியாதி ஓடிப்போகும் என்றும் ஒரு பேச்சு கடைத்தெரு வரை வந்துவிட்டது. முதற்பாதி பெரிதும் உண்மையே. பல தேசங்களில் சோதித்ததில் அச்சத்து இவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்திருப்பதாகவே பெரும்பாலும் கண்டிருக்கிறார்கள். "ஆதலால்" என்று வருகிறதே, அந்த இடத்தில்தான் நமக்குச் சந்தேகம்.

மேல்தோல் புதிதாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இவ்வியாதியில் தேகத்தின் காவல் சக்தி தவறாய்த் தூண்டப்பட்டு, அவ்வேலை சில நாட்களிலேயே நடந்து, தோல் தடித்துச் செதிளாய் உதிர்கிறது. இது தொற்று வியாதியல்ல. முன்ஜென்மப் பாவமுமல்ல, நாகதோஷமுமல்ல. அப்படியிருந்தும் குஷ்டமென்று எண்ணி, தனித்தட்டும் தனிப்பாயும் கொடுத்து மூலையில் வைக்கும் வீடுகள் எத்தனை!

வைட்டமின் டி என்பதோ வெயில் பட்டால் நம் தோலே செய்துகொள்ளும் சத்து. எலும்புக்கு வேண்டியது. தோல் அணுக்களின் அவசர வளர்ச்சியை மட்டுப்படுத்தும் குணமும் அதற்குண்டு. 1985-ல் ஜப்பானில் எலும்புத் தேய்வுக்காக அதன் ஒரு வகையை உட்கொண்ட நோயாளிக்குச் சோரியாசிஸும் தணிந்ததென்று டாக்டர்கள் எழுதினார்கள். அதே இனத்தைச் சேர்ந்த கால்சிபோட்ரையால் களிம்பு இன்றும் பலருக்குக் குணம் தருகிறது.

பூசினால் குணம் தருவது விழுங்கினால் தராதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது யூகமல்ல, சோதனை.

நார்வே தேசத்தின் வடகோடியில் ட்ரோம்ஸோ என்றொரு பட்டணம். குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதம் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. அங்கே இச்சத்துக் குறைந்த 122 சோரியாசிஸ்காரர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முதலில் 1,00,000 யூனிட்டும் பிறகு வாரம் 20,000 யூனிட்டுமாக நான்கு மாதம் வைட்டமின் டி கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்குக் கொடுத்தது வெறும் போலி மருந்து. எது யாருக்கு என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 2023-ல் முடிவு வெளியாயிற்று. இரத்தத்தில் சத்து ஏறிற்று; படை மாத்திரம், போலி மருந்து தின்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான். அவர்களில் பெரும்பாலோருக்கு வியாதி லேசானது. ஆகவே கடுமையான வியாதிக்கும் இதுவே தீர்ப்பு என்று நாம் சொல்லவில்லை.

அப்படியானால் சத்து ஏன் குறைகிறது? பருத்த தேகமுடையவர்களுக்கு இச்சத்தும் குறைவு, இவ்வியாதியும் அதிகம். அதுபோக, படையுள்ளவர் கண்ணுக்குக் கண் பார்த்து முகஞ்சுளிக்கும் ஊருக்கு அஞ்சி, முழுக்கைச் சட்டைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ஒடுங்குகிறார். வெயிலை விட்டு அவரைத் துரத்தியது யார்? இதற்கு எந்த மாத்திரை இருக்கிறது?

வெளிச்சத்தால் வைத்தியம் உண்டென்பது மெய். அளவு பார்த்துப் புறஊதாக் கதிரைப் பாய்ச்சிப் படையைத் தணிக்கிறார்கள். ஞாயிறுதோறும் சூரிய நமஸ்காரம் செய்து குணமானேன் என்பவர், பெருமை நமஸ்காரத்துக்கா வெயிலுக்கா என்று யோசித்துப் பார்க்கட்டும். அதற்காகத் தோல் கருகும்வரை வெயிலில் கிடந்தாலோ படை மிஞ்சும்.

தாயத்தைச் சோதிக்கச் சொல்லும் நாம் மாத்திரையையும் அவ்வாறே சோதிக்கச் சொல்லுகிறோம். இரத்தம் பார்த்துக் குறைவென்று டாக்டர் சொன்னால், எலும்புக்காகச் சொன்ன அளவு சாப்பிடுங்கள். அவராய்ச் சொல்லாமல் களிம்பை நிறுத்த வேண்டாம். கடைக்காரர் சொன்னாரென்று மாதக்கணக்கில் அளவின்றி விழுங்கினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிஞ்சி, வாந்தியும் தாகமும் கண்டு, சிறுநீரகமே கெடும்.