சுருட்டும் பொழுதுபோக்கும்: ஒரு புனைபெயரின் கதை

கற்பிட்டி முதல் உடப்பு, சிலாபம் ஈறாக நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கடற்கரையிலே சுருட்டுப் புகை புதியதொன்றன்று. கரைவலை இழுக்கும் தொழிலாளியும், இரவு முழுவதும் களப்பிலே தோணியில் விழித்திருக்கும் மீனவனும், வெங்காயப் பாத்திக்கு நீரிறைக்கும் கமக்காரனும் அதனை நன்கு அறிவர். அவர்களது புகைத்தலை எவரும் கலை என்றோ இரசனை என்றோ போற்றியதில்லை. 'கெட்ட பழக்கம்' என்றே வீட்டாரும் ஆசிரியரும் மதகுருமாரும் அதனைக் கண்டித்து வந்துள்ளனர். ஆயின், அண்மைக் காலத்திலே அதே சுருட்டு வேறொரு கோலத்துடன் இக்கரையை வந்தடைந்துள்ளது. ஆலங்குடா, கற்பிட்டிக் கரைகளிலே எழுந்துள்ள உல்லாச விடுதிகளின் முற்றங்களில், சாய்வு நாற்காலியிலே அமர்ந்திருப்பவனின் விரலிடையே அது புகைகின்றது. அங்கே அதற்குப் பெயர் 'பொழுதுபோக்கு'. படித்த இளைஞர் சிலரும் இப்பெயரை ஏற்று, சிகரட் புகைப்பது அடிமைத்தனம், சுருட்டுப் புகைப்பதோ இரசனை என வாதிடத் தலைப்பட்டுள்ளனர்.

இவ்வாதம் ஆராயப்பட வேண்டியதொன்று. சுருட்டின் இன்பம் நாவிலே இயல்பாகப் பிறப்பதா, அன்றிப் பிறரால் பயிற்றுவிக்கப்படுவதா? இயல்பாகப் பிறப்பதாயின் அதனைப் பொழுதுபோக்கு என அழைப்பதிலே ஓரளவு நியாயம் உண்டு. பயிற்றுவிக்கப்படுவதாயின், பயிற்றுவிப்போர் யாவர், அதனால் நன்மை பெறுவோர் யாவர் என்னும் வினாக்கள் எழுகின்றன.

முதற் சுருட்டின் அனுபவத்தை எவரும் மறுக்கவியலாது. கண் எரிகின்றது, தொண்டை கரகரக்கின்றது, வாயிலே நீர் ஊறுகின்றது, தலை சுற்றுகின்றது, குமட்டல் எழுகின்றது, சிலர் வாந்தியும் எடுக்கின்றனர். நிக்கொட்டின் என்னும் நஞ்சுக்கு உடல் தெரிவிக்கும் எதிர்ப்பே இது. மாம்பழத்தை முதன்முறை உண்ணும் குழந்தைக்கு எவரும் விளக்கம் கூறவேண்டியதில்லை. சுருட்டுக்கோ விளக்கம் கூறுவோர் அருகிலே இருந்தாக வேண்டும். அவர் இல்லாவிடின் முதற் சுருட்டே இறுதிச் சுருட்டாகிவிடும்.

இவ்விடத்திலே அமெரிக்கச் சமூகவியலாளர் ஹவார்ட் பெக்கர் 1953ஆம் ஆண்டிலே வெளியிட்ட கட்டுரையொன்று பெரிதும் துணைபுரிகின்றது. கஞ்சா புகைப்போர் எவ்வாறு உருவாகின்றனர் என்பதை ஆராய்ந்த அவர், மூன்று படிகளை வகுத்துக் காட்டினார். முதலாவது, புகைக்கும் முறையைக் கற்றல். இரண்டாவது, உடலில் நேரும் மாற்றத்தை இனங்காணக் கற்றல். மூன்றாவது, அம்மாற்றத்தை இன்பமெனக் கொள்ளக் கற்றல். இம்மூன்றும் ஏற்கெனவே பழகியவர்களின் கூட்டத்திலேயே நிகழ்கின்றன என்பது அவரது முடிபு. கஞ்சாவும் சுருட்டும் வேறு வேறு பொருள்கள் எனினும், இப்படிமுறை சுருட்டுக்கும் பொருந்துவதைக் காணலாம்.

'புகையை விழுங்காதே, வாயிலே நிறுத்தி விடு, மெதுவாக இழு' என்று மூத்தவன் கற்பிக்கின்றான், இது முதற்படி. தலைசுற்றும்போது, 'அது இலையின் வீரியம்' என்று அவன் பெயர் சூட்டுகின்றான். இது இரண்டாம் படி. கசப்பிலே மண்ணின் மணத்தையும் மரத்தின் வாசனையையும் தேடிக் காணும்படி தூண்டி, காணாதவனை இரசனையற்றவன் என நகைக்கின்றான். இது மூன்றாம் படி. நகைப்புக்கு அஞ்சியவன் சுவை தெரிவதாகத் தலையசைக்கின்றான். பலமுறை தலையசைத்த பின்னர் உண்மையிலேயே சுவை தெரியத் தொடங்குகின்றது. அதற்குள் மூளையும் நிக்கொட்டினுக்குப் பழகிவிடுகின்றது. புகைக்காதபோது எழும் அமைதியின்மை அடுத்த சுருட்டிலே தணிகின்றது; அத்தணிவையே அவன் இன்பம் எனப் பெயரிடுகின்றான். முள்ளைத் தைத்தவனே முள்ளை எடுத்து, அதற்கு நன்றியும் பெற்றுக்கொள்ளும் விந்தை இதுவாகும்.

கூட்டம் ஒரு மனிதனைப் புகைப்பவனாக்குவதற்கு வரலாறு தரும் சான்று ஒன்றுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, 1862இல் டொனெல்சன் கோட்டையைக் கைப்பற்றியவர் தளபதி யுலிசிஸ் கிராண்ட். அதுவரை அவர் அதிகம் புகைத்தவரல்லர். போர்க்களத்திலே கையில் சுருட்டுடன் அவர் காணப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதியதும், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான சுருட்டுகள் அவருக்குப் பரிசாக வந்து குவிந்தன. வந்தவற்றைப் புகைத்துப் புகைத்தே அவர் பெரும் புகைப்பவரானார். பின்னர் நாட்டின் அதிபராகவும் விளங்கிய அவர், 1885இலே தொண்டைப் புற்றுநோயால் மாண்டார். அவரது சுருட்டை அவர் தேர்ந்தார் என்பதிலும், மக்களின் பாராட்டு அதனை அவரது வாயிலே வைத்தது என்பதே பொருத்தமாகும்.

மனித மனத்தின் ஆழங்களைத் துருவி ஆராய்ந்த சிக்மண்ட் பிராய்டும் இதற்குத் தப்பவில்லை. 1923இலே அவரது வாயிலும் தாடையிலும் புற்று கண்டறியப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளுக்கு உட்பட்டும், 1939இல் மறையும் காலம் வரையிலே அவரால் சுருட்டை முற்றாகக் கைவிட இயலவில்லை. பிறரது தளைகளை அவிழ்க்க முயன்ற அறிஞராலேயே அவிழ்க்க முடியாத தளையைப் 'பொழுதுபோக்கு' என அழைப்பது எங்ஙனம் பொருந்தும்? விட்டுவிட நினைத்தவுடன் விட்டுவிடக் கூடியதன்றோ பொழுதுபோக்கு?

இனி, இரசனையாளர் முன்வைக்கும் தடைகளை நோக்குவோம். புகையை நுரையீரலுக்குள் இழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை என்பது முதலாவது தடை. சுருட்டுப் புகை சிகரட் புகையிலும் காரத்தன்மை மிக்கது. ஆதலின் அதிலுள்ள நிக்கொட்டின் நுரையீரலை நாடாமல் வாயின் மென்சவ்வு வழியாகவே குருதியிற் கலக்கின்றது. பெரிய சுருட்டொன்றிலே ஒரு பெட்டி சிகரட்டிலுள்ள அளவு புகையிலை அடங்கியிருத்தலும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இலே வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நாள்தோறும் சுருட்டுப் புகைப்போரிடையே வாய், குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோய்கள் மிகுதியாதலை எடுத்துக்காட்டியது. இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது. வெற்றிலையுடன் புகையிலையை மெல்லுதல் இதற்குப் பெருங்காரணம். மென்றாலும் புகைத்தாலும் இலை ஒன்றே. அது தங்குமிடமும் வாய் ஒன்றே.

எப்போதாவது ஒரு சுருட்டைப் புகைப்பவனுக்கு ஆபத்துக் குறைவு என்பது இரண்டாவது தடை. நாள்தோறும் புகைப்பவனோடு ஒப்பிடின் இது உண்மையே. உண்மையை ஒப்புக்கொள்வதனால் வாதம் மெலிந்துவிடாது. ஆனால் எப்போதாவது புகைப்பவன் தனியே அமர்ந்து புகைப்பதில்லை. விழாவிலும் விருந்திலும் கடற்கரைக் கூடல்களிலும் பலர் காணப் புகைக்கின்றான். பெக்கர் கூறிய மூன்று படிகளையும் அடுத்தவனுக்குக் கற்பிக்கும் ஆசான் அவனே. அவன் ஓரளவில் நின்றுவிடலாம். அவனிடம் கற்றவனும் அவ்வளவிலே நிற்பான் என்பதற்கு யாதொரு உத்தரவாதமும் இல்லை.

சுருட்டு நமது மரபு என்பது மூன்றாவது தடை. ஆங்கிலத்திலே வழங்கும் 'செரூட்' என்னும் சொல் தமிழின் 'சுருட்டு' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இலண்டன் வரை புகழ் பெற்றிருந்தது. 1887இலே வெளியான முதலாவது ஷெர்லக் ஹோம்ஸ் நாவலிலே, துப்பறிவாளர் அதன் சாம்பலைக் கண்டு இனங்காண்கின்றார். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை கப்பலேறியது. யாழ்ப்பாணச் சுருட்டுக்கடைகள் தென்னிலங்கையின் சிற்றூர்களிலும் இருந்தன. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலமும் புகையிலை விளைத்ததே. ஆயினும் சொல் தமிழாயிருத்தலால் செடியும் தமிழாகிவிடாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இலே கொலம்பஸ் அக்கண்டத்துத் தீவுகளை அடைந்த பின்னரே ஐரோப்பியர் அதனை அறிந்தனர். அவர்களது கப்பல்கள் வழியாகவே அது கீழைத் தேசங்களுக்கும் பரவியது. கற்பிட்டியிலே ஒல்லாந்தர் 1667இல் எழுப்பிய கோட்டையைப் போன்று, புகையிலையும் வணிகத்தின் பொருட்டுக் கடல்கடந்து வந்த அந்நியரின் எச்சமேயாகும்.

உண்மையில் போற்றத்தக்க மரபொன்று சுருட்டுத் தொழிலிலே உண்டு. அது புகைத்தவரின் மரபன்று, சுருட்டியவரின் மரபு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலே தொழிலாளர் குந்தியிருந்து இலையைச் சுருட்ட, ஒருவர் செய்தித்தாளை உரத்து வாசிக்கும் வழக்கம் இருந்தது. 1865 அளவிலே கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டாலைகளிலும் இத்தகைய வாசிப்பு முறை தொடங்கியது. அங்கு வாசிக்கப்பட்ட டூமாவின் நாவலின் பெயரே பின்னர் 'மொன்டிகிறிஸ்டோ' என்னும் சுருட்டுக்கும் சூட்டப்பட்டது. பாடசாலை வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் காதினாற் கற்று, உலக நடப்பை விவாதித்து, சங்கம் அமைத்து உரிமை கேட்ட வரலாறு அது. மரபைக் காப்பாற்ற விரும்பும் மாணவர் அவ்வாசிப்பைக் காப்பாற்றட்டும். அத்தொழிலாளியின் முதுகுவலியும், ஈரமான பச்சை இலையை ஒடிக்கும்போது தோல் வழியே நிக்கொட்டின் ஏறி மயங்கி வாந்தியெடுக்கும் தோட்டக் கூலியாளின் நோயும், சாய்வு நாற்காலி இரசனையாளரின் விவரணைகளிலே இடம்பெறுவதில்லையே!

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. ஏழையின் கையிலே பழக்கமாயிருந்தது, செல்வந்தனின் கையிலே பொழுதுபோக்காகின்றது. மாறியது இலையன்று, புகைப்பவனின் வர்க்கம். இப்பெயர்மாற்றம் தற்செயலாக நிகழ்ந்ததுமன்று. 1992இலே ஐக்கிய அமெரிக்காவிலே சுருட்டுக்கெனவே 'சிகார் அஃபிசியோனாடோ' என்னும் பளபளப்பான சஞ்சிகை தொடங்கப்பட்டது. நடிகரும் செல்வரும் சுருட்டுடன் அதன் அட்டைகளை அலங்கரித்தனர். அப்பத்தாண்டிலே அந்நாட்டிற் சுருட்டு விற்பனை பெருகியது. மறுபுறத்தில், சுருட்டுக்குப் பேர்போன கியூபாவின் தலைவர் பிடல் காஸ்ட்ரோ, மக்களைப் புகைத்தலிலிருந்து மீட்கும் இயக்கத்துக்கு முன்மாதிரியாக 1985இலே சுருட்டைக் கைவிட்டார். விளைவிக்கும் நாட்டின் தலைவர் விட்டொழித்ததை, வாங்கும் நாட்டின் சஞ்சிகை நாகரிகமெனப் பரப்பியது.

இலங்கையிலும் சட்டம் உறங்கிவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்ததுடன், இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதையும் குற்றமாக்கியது. ஆனால் விளம்பரப் பலகையை அகற்றவல்ல சட்டத்தால், நண்பனின் நாவை அடக்க முடியாது. 'இது வேறு, இது இரசனை' என்று அவன் கூறும் ஒவ்வொரு வாக்கியமும் கூலி பெறாத விளம்பரமேயாகும்.

புத்தளம் மக்கள் புகைக்கும் மாசுக்கும் பணிந்து வாழ்ந்தவரல்லர். நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையம் அமையவிருந்தபோது அம்மண்ணிலிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. 2018இலே கொழும்பின் குப்பையை அறுவைக்காட்டிலே கொட்டும் திட்டத்தை எதிர்த்து முதியவரும் பெண்களும் மாணவரும் வீதியில் இறங்கினர். பிறர் தம்மீது சுமத்திய நஞ்சை அவர்கள் எதிர்த்தது நேர்மையான போராட்டம். அம்மண்ணின் மைந்தன், பணம் கொடுத்து வாங்கிய நஞ்சை இன்பமென நம்பி அடுத்தவனுக்கும் நீட்டுவானாயின், அப்போராட்டத்தின் பாடத்தை அவன் கற்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இளைஞர் செய்யவேண்டியது கடினமானதொன்றன்று. கரைவலை இழுக்கும் முதியவரின் சுருட்டைப் பறிப்பதற்கு எவரும் செல்லவேண்டியதில்லை. அவர் தமது பழக்கத்தைப் பழக்கமென்றே அழைக்கின்றார், தம் பிள்ளைகளுக்கு அதனை உபதேசிப்பதுமில்லை. அந்த நேர்மை படித்தவனுக்கும் வேண்டும். புகைப்பவன் தான் புகைப்பதைப் பொழுதுபோக்கு எனப் புனையாதிருப்பானாக. முதற் சுருட்டிலே முகம் சுளிக்கும் இளையவனைப் பார்த்து, 'போகப் போகப் பழகிவிடும்' என்று கூறாதிருப்பானாக. அந்த முகச்சுளிப்பே உடல் கூறும் உண்மை. அதனைக் கேலி செய்ய ஒருவரும் இல்லாதவிடத்து, பெரும்பாலார் இரண்டாவது சுருட்டை நாடமாட்டார் என்பது திண்ணம்.