முறியாமையின் இலக்கணம்

உறுதி யாது என்று வினவினால், மிகுந்த பாரத்தைத் தாங்குவதே உறுதி எனப் பெரும்பாலார் விடை பகர்வர். அது பாதி உண்மையே. பாரத்தைத் தாங்கும் வலிமை ஒன்று. தோன்றிய கீறல் பரவாது தடுக்கும் முறிவெதிர்ப்பு வேறொன்று. கண்ணாடி கடினமானது; ஆயினும் ஒரு கீறலே அதனைப் பிளக்கப் போதும். தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்பாருக்கு நாம் கூறுவது இது: பொருள் இரண்டாயின் சொல்லும் இரண்டாதல் வேண்டும்.

துறைமுக நகரத்தாராகிய நமக்கு இவ்வேறுபாட்டைக் கப்பல்களே கற்பிக்கும். 1943ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் போட்லண்ட் துறையில், 'செனெக்ரடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் நின்றபோதே நடுவிற் பிளந்தது. புயலுமில்லை, பகைவர் குண்டுமில்லை. உருக்கு கீறலுக்குத் தோற்றது. இத்தகைய கேடுகளின் பின், அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் இர்வின் முதலியோர் 1950களில் வகுத்த முறிவளவைகளே இன்று என்பாய்விலும் பயன்படுகின்றன.

ஆய்வாளர் என்பிலிருந்து சிறு சட்டமொன்றை அறுத்து, அதன் நடுவே நுண்ணிய வெட்டொன்றை இடுவர். இரு தாங்கிகளின்மேல் வைத்து, வெட்டுக்கு நேரே எதிர்ப்பக்கத்தில் மெல்ல அழுத்துவர். எவ்விசையில் கீறல் நகர்கின்றது, நகருந்தோறும் எதிர்ப்பு எவ்வளவு கூடுகின்றது என அளப்பர். உலர்ந்த என்பு எளிதில் நொறுங்குமாதலின், உப்புநீரால் ஈரம் காப்பர். நீளென்பைக் குறுக்கே பிளக்க வருங் கீறல் நேரே செல்லாது. உள்ளமைப்பின் எல்லைகளில் திசைமாறி ஆற்றலை இழக்கின்றது.

என்பின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனியுப்பு. எஞ்சியது பெரும்பாலும் கொலாசன் என்னும் புரதமும் நீருமாம். அப்புரதம் முப்புரி அமைப்புடையது என 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்கு உரைத்தவர்கள் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். கோழியென்பொன்றைச் சில நாள் வினாகிரியில் ஊறவைத்தால் உப்புக் கரைந்து அது இறப்பர்போல் வளையும். மற்றொன்றை நன்கு சுட்டால் கொலாசன் எரிந்து கைபட்டதும் நொறுங்கும். ஒன்றின்றி மற்றொன்று என்பாகாது.

முதுமையில் என்பின் அடர்த்தி மட்டுமன்றி முறிவெதிர்ப்பும் குறைகின்றது. ஆதலின் அடர்த்தியை அளந்தமாத்திரத்தில் முழு உண்மையும் புலப்படாது. வழுக்கி வீழ்ந்து இடுப்பு முறிந்து படுக்கையிலாகும் மூதாட்டியர் நம் இல்லங்களிலும் உளர். இவ்வறிவு ஏட்டளவில் நிற்கத் தக்கதன்று.

ஆயினும் பாடசாலைகள் பலவற்றில் வினாகிரிப் பரிசோதனையை மனனஞ் செய்தோர் பலர். கண்ணாற் கண்டோர் சிலர். விழாக் காலத்தில் வளைவும் கல்வெட்டும் நினைவுக்கு வருதல் இயல்பே. பழைய மாணவர்களை நாம் வேண்டுவது வேறு: ஆய்வுகூடத்துக்கு ஒரு மேசையும், ஒரு தராசும், சில கண்ணாடிச் சாடிகளும் தாருங்கள். பாரந் தாங்கும் தூண்கள் நம் கல்லூரிக்குப் போதியன உள. மாணவர் அறிவிற் கீறல் விழாது காப்பதே இனி நம் கடன்.