மலைவலத்துக்கு முந்தைய ஏழு நாள்

இப்பகுதியில் வழக்கமாக உங்கள் ஐயங்களுக்கு விடை எழுதுவேன். இந்த வாரம் என் பிழை ஒன்றை எழுதுகிறேன். படிக்கும் அன்பர்களில் ஒருவருக்கேனும் அது பயன்படக்கூடும்.

சென்ற ஆவணிப் பௌர்ணமியன்று நானும் என் இல்லத்தரசியும் திருவண்ணாமலையில் கிரிவலம் புறப்பட்டோம். எனக்கு வயது 71, அவளுக்கு 66. நிருதி லிங்கத்தைத் தொழுதுவிட்டுச் சிறிது தூரம் சென்றதும் அவள் என் கையைப் பற்றினாள். உள்ளங்கை வியர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின. நான் கேட்டதற்கும் அவள் சொன்னதற்கும் தொடர்பே இல்லை. களைப்பு என்றே நான் எண்ணினேன். வழியோரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர்தான் நிலைமையை உணர்ந்து, "சர்க்கரை இருக்குதாங்க?" என்று கேட்டு, இனிப்பு மிகுந்த தேநீரை வாங்கிக் குடிக்கச் செய்தார். கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. ஆயினும் வலம் அங்கேயே நின்றது. ஆட்டோவில் ஊருக்குள் திரும்பினோம்.

அவள் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவள். "இன்று ஒரு நாள் முழு உபவாசம் இருந்தால் பலன் மிகுதி" என்று அவளை வற்புறுத்தியவன் நான். மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு, உணவை மட்டும் விட்டுவிட்டாள். நான் செய்த தவறு அதோடு நிற்கவில்லை. முன்பே பழகாத குறையை ஈடுசெய்ய, கடைசி வாரத்தில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அவளை நடக்கவைத்தேன். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். புறப்பட்டதும் இளைஞர் கூட்டத்தோடு சேர்ந்து வேகமாக நடந்தேன். ஆர்வம் என்று நான் நினைத்ததெல்லாம் அவளுக்குப் பாரமாக முடிந்தது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிதும் உறுத்தியது.

மார்கழியில் சென்னையிலுள்ள எங்கள் பேரன் அரை மாரத்தான் ஓடினான். அதன் தூரம் 21 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் நாங்கள் அவன் வீட்டில் தங்கியிருந்தோம். அவனோ மாலைதோறும் சுவரில் கால்களைச் சாய்த்துப் படுத்திருந்தான். "ஓட வேண்டியவன் இப்படிப் படுத்துக் கிடக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாத்தா, இந்த வாரத்தில் எவ்வளவு ஓடினாலும் புதிதாகப் பலம் சேராது, களைப்புத்தான் சேரும். மூன்று மாதமாகச் சேர்த்ததைச் சிந்தாமல் காப்பாற்றுவதுதான் இந்த வாரத்து வேலை" என்றான்.

காப்பாற்றுவது என்ற சொல் என்னை நிறுத்தியது. நம் ஊர்த் திருவிழாக்களில் தீ மிதிப்பவர்களும் பால்குடம் எடுப்பவர்களும் சில நாட்களுக்கு முன்னரே காப்புக் கட்டிக்கொள்கிறார்கள். அதன்பின் வெளியூர் செல்வதில்லை. கண்ட உணவை உண்பதில்லை. வீண் வாக்குவாதம் இல்லை. அந்த நாட்கள் புதிதாக ஒன்றைச் சாதிப்பதற்கு ஏற்பட்டவை அல்ல. உடலையும் மனத்தையும் காத்து வைப்பதற்கு ஏற்பட்டவை. மஞ்சள் கயிற்றின் பொருளை அறிந்திருந்தும், மலைவலத்தின்போது அதை நான் மறந்துபோனேன்.

"தை மாதத்தில் மறுபடியும் போகலாம்" என்று முதலில் சொன்னவள் என் இல்லத்தரசிதான். ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். "வழியில் நான் போதும் என்றால், நீங்கள் மறுபேச்சுப் பேசக்கூடாது." ஒப்புக்கொண்டேன்.

உள்ளூர்க் கோயில் பிரகாரத்தில் அரை மணி நேரத்தில் தொடங்கி, நான்கைந்து வாரங்களில் ஒன்றரை மணி நேரம்வரை மெல்ல மெல்ல நடையைக் கூட்டினோம். பிறகு கடைசி ஏழு நாட்கள் வந்தன. அவற்றை எவ்வாறு கழித்தோம் என்பதைச் சொல்கிறேன்.

முதல் நாள் மருத்துவரைப் பார்த்தோம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கப்பட்டன. நடக்கும் நாளில் எந்த மாத்திரையை எப்போது, எவ்வளவு உட்கொள்வது என்பதை அவரே எழுதிக் கொடுத்தார். இதை நாமாக முடிவு செய்யலாகாது. மார்பில் இறுக்கம், சிறிது நடந்தாலே மூச்சிரைப்பு, அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரின் இசைவின்றிப் புறப்படவே வேண்டாம்.

அன்றுமுதல் நடையைப் பாதியாகக் குறைத்தோம். கடைசி இரண்டு நாட்களில் இருபது நிமிடம் மட்டுமே உலாவினோம். கால்கள் துறுதுறுவென்றிருந்தன, இன்னும் நடக்கலாமே என்று ஆசை எழுந்தது. அந்த ஆசையை அடக்கியதும் ஒரு விரதமே.

மூன்று நாட்களுக்கு முன் நகங்களை நேராக வெட்டிக்கொண்டோம். உள்ளங்காலில் வெடிப்பு, கொப்புளம் உண்டா என்று ஒருவர் காலை ஒருவர் பார்த்தோம். நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கல் குத்தினாலும் தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது. அத்தகையோர் வெறுங்காலுடன் நடப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். என் இல்லத்தரசி பழகிய பழைய செருப்பையே அணிந்து, ஒவ்வொரு சந்நிதியிலும் கழற்றி வைத்துத் தொழுதாள். புதுச் செருப்பு வீட்டிலேயே இருந்தது.

உணவில் புதுமை எதுவும் கூடாது என்று வைத்துக்கொண்டோம். இட்லி, இரசம் சாதம், மோர், வாழைப்பழம் என்று வயிற்றுக்குப் பழகியவை மட்டுமே. தண்ணீரை ஒரே நேரத்தில் குடம்போல் குடிக்காமல், நாள் முழுதும் சிறிது சிறிதாக அருந்தினோம். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவையே பின்பற்ற வேண்டும். உபவாசத்துக்கு மாற்றாக, மாலை விளக்கேற்றியதுமுதல் மறுநாள் காலைவரை மௌனம் காத்தோம். வயிற்றைக் காயவிடாமலும் நோன்பு நோற்கலாம் என்பதை அந்த வாரத்தில்தான் அறிந்தேன்.

உறக்கத்தைப் பற்றிப் பேரன் ஒரு நுட்பம் சொல்லியிருந்தான். முதல் நாள் இரவு பரபரப்பில் எவருக்கும் உறக்கம் வராது. ஆகவே அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாக உறங்கிவிட வேண்டும். அப்படியே செய்தோம். பேருந்துக் களைப்புத் தீர, ஒரு நாள் முன்னதாகவே திருவண்ணாமலைக்குச் சென்று தங்கினோம்.

மனத்தைப் பக்குவப்படுத்தியது அஷ்ட லிங்கங்கள். பதினான்கு கிலோமீட்டர் என்று எண்ணினால் முழங்கால் அப்போதே வலிக்கிறது. அடுத்த லிங்கம்வரை என்று எண்ணினால் வலிப்பதில்லை. மாலைதோறும் கண்களை மூடி அமர்ந்து, கீழைக் கோபுரத்திலிருந்து மனத்தால் நடந்தோம். இந்திர லிங்கம், அக்கினி லிங்கம், ரமணாசிரமத்தைக் கடந்து எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளியதாகப் போற்றப்படும் அடி அண்ணாமலை, வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசானிய லிங்கம். மலை எப்போதும் வலப்புறம். நிருதி லிங்கம் வரும்போது முதல் இரண்டு நாள் எனக்கு நெஞ்சு படபடத்தது. மூன்றாம் நாள் அவ்விடத்தையும் மனம் அமைதியாகக் கடந்தது.

புறப்படும் முன்பே பையைக் கட்டி வைத்தோம். தண்ணீர், வாழைப்பழம், சர்க்கரைப் பொட்டலம், மாத்திரை, மருத்துவர் எழுதிய சீட்டு, கைவிளக்கு, பேரனின் தொலைபேசி எண் எழுதிய அட்டை ஆகியவை அதில் இருந்தன. வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் கண்டால் உடனே சர்க்கரை கொடுத்து அமரச் செய்ய வேண்டும், தெளிவு வராவிடில் மருத்துவ உதவியை நாட வேண்டும் என்பதை இருவரும் பாடம்போல் மனத்தில் பதித்துக்கொண்டோம்.

நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல மலையை வலம்வர வேண்டும் என்று பெரியோர் சொல்வதுண்டு. இம்முறை அவ்வாறே நடந்தோம். வேண்டுமென்றே எல்லோருக்கும் பின்னால் நடந்தோம். ஒவ்வொரு லிங்கத்திலும் பத்து நிமிடம் அமர்ந்தோம். களைத்த பிறகு அல்ல, களைக்கும் முன்னரே. நிருதி லிங்கத்துக்கு அப்பால் அந்தப் பூக்கார அம்மாளைத் தேடினோம். காணவில்லை. அவருக்கென்று கொண்டுசென்ற பழச்சீப்பை அங்கிருந்த சாதுக்களிடம் கொடுத்தோம். என் இல்லத்தரசி அவ்விடத்தில் ஒரு கணம் நின்று, மலையை நோக்கிக் கைகூப்பினாள். பிறகு "நடக்கலாம்" என்றாள்.

ஈசானிய லிங்கத்தைத் தொழுது கோபுர வாயிலை அடைகையில் ஆறரை மணி நேரம் ஆகியிருந்தது. அதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. அவள் வழியில் போதும் என்று சொல்லியிருந்தாலும் நிறைவோடு திரும்பியிருப்பேன். அதற்கும் சேர்த்தே அந்த ஏழு நாட்கள் என்னைப் பக்குவப்படுத்தியிருந்தன.

அன்பர்களே, பௌர்ணமிக் கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறொரு நாளில் விடியற்காலையில் செல்லலாம். மலைவலத்துக்கு ஆகாத நாள் என்று ஒன்றில்லை. நடக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ஆலயப் பிரகாரத்தை ஒருமுறை சுற்றி, மலை தெரியும் இடத்தில் அமர்ந்து நினையுங்கள். துணைவரோடு செல்பவர்கள், புறப்படும் முன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு முடியுமா?" விடையைக் கேட்டபின் அதை மாற்ற முயலாதீர்கள்.

அண்ணாமலையானுக்கு அரோகரா!