அணையைச் சுற்ற வேண்டாம், வாய்க்காலோடு போகலாம்

கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் விடுமுறை நாளின் விடியற்காலையில் சைக்கிளோடு ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் சமீப காலத்தில் பெருகியிருக்கிறார்கள். பவானிசாகர் அவர்களுக்கு எட்டக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. எட்டு கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் மண் அணை, 105 அடி உயரத்துக்குத் தேங்கும் தண்ணீர், 32.8 டி.எம்.சி. கொள்ளளவு. இதைப் பார்த்தவுடன் நீர்த்தேக்கத்தைச் சுற்றிவர ஒரு சைக்கிள் பாதை போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. இங்கிலாந்தில் ரட்லண்ட் வாட்டர் என்ற நீர்த்தேக்கத்தைச் சுற்றி சுமார் 37 கிலோமீட்டருக்கு அப்படியொரு பாதை இருக்கிறது. குடிநீருக்காக 1970-களில் கட்டிய அந்த நீர்த்தேக்கத்துக்குச் சைக்கிளுக்காகவே போகிறவர்கள் உண்டு. ஆனால் ரட்லண்டின் கரையில் மேய்வது ஆடுகள். பவானிசாகரின் கரைக்கு இறங்குவது யானைகள்.

இந்த வேறுபாட்டைச் சிறியதாக நினைக்கக் கூடாது. நீர்த்தேக்கத்தை ஒட்டியிருக்கும் காடு, 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். மோயாறு பள்ளத்தாக்கு வழியாக வந்து இங்கேதான் பவானியோடு கலக்கிறது. கோடையில் காட்டுக்குள் குட்டைகள் வற்றியதும், குட்டிகளோடு வரும் யானைக் கூட்டங்களுக்கு இந்த அணைத் தண்ணீரே கதி. அந்த வழியின் குறுக்கே மனிதர்கள் ஓயாமல் போய்வரும் ஒரு வட்டப்பாதையைப் போடுவது யானைக்கும் ஆபத்து, ஓட்டுகிறவருக்கும் ஆபத்து. சத்தியமங்கலம்–திம்பம் சாலையில் காட்டு விலங்குகளுக்காக 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவரும் நிலை ஏற்பட்டது. காட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் சாலைக்கே இந்த நிலை என்றால், புதிதாக ஒன்று போடுவதில் நியாயமில்லை. நீர்த்தேக்கத்தின் மேற்புறம் காட்டுக்கு உரியது. அதை அப்படியே விட்டுவிடுவதுதான் முறை.

சைக்கிளுக்கான வழி அணையிலிருந்து கீழே இறங்குகிறது. பவானி ஆற்றை நம்பி மூன்று பாசன அமைப்புகள் இருக்கின்றன. அணையிலிருந்தே கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால், ஊர்க்காரர்கள் சொல்லும் எல்.பி.பி., ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. ஆற்றில் இன்னும் கீழே கொடிவேரி அணைக்கட்டிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இரு கரையிலும் பிரிகின்றன. பவானி ஆறு காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்னால் தொடங்குகிறது காலிங்கராயன் வாய்க்கால். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய இது சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து நொய்யலைத் தொடுகிறது. இவற்றின் கரைகளைக் கண்காணிக்கப் போடப்பட்ட வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நிலம் அரசுடையது. ஒரு ஏக்கர்கூடக் கையகப்படுத்த வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்தகடுகளைக் கூரையாக வேய்ந்து, 23 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை அமைத்து 2023-இல் திறந்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் நம்மிடம் மரங்களே கூரையாக நிற்கும் பாதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இருக்கிறது. அதற்கு ஒரு வழிகாட்டிப் பலகைகூடக் கிடையாது.

வாய்க்கால் கரை சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பொறியியலே சொல்லும். கொங்கு நாடு மேடும் பள்ளமுமான நிலம். கோபியிலிருந்து பெருந்துறைக்கோ சென்னிமலைக்கோ தார்ச்சாலையில் மிதித்தால் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். கீழ்பவானி வாய்க்கால் அந்த மேடுகளில் ஏறுவதில்லை. நிலத்தின் சமமட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மேட்டின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. தண்ணீர் தானாக ஓடுவதற்கு வேண்டிய அளவு சரிவுதான் அதற்கு உண்டு. அதன் கரையில் ஓட்டுகிறவருக்குக் கியர் சைக்கிளே தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் போதும். கரையில் ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் பத்துப் பன்னிரண்டு அடி பள்ளத்தில் நெல்லோ மஞ்சளோ கரும்போ வாழையோ. நடுவில் இரண்டு சக்கரத் தடமும் அவற்றுக்கிடையே ஒரு வரி புல்லும். சிறிது தூரத்துக்கு ஒரு மதகு வரும், துணி துவைக்கும் படித்துறை வரும், பாலம் வரும். இடத்தைக் கேட்டால் இன்றும் மைல் கணக்கில்தான் சொல்வார்கள். கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையில் நாட்டுச்சர்க்கரை காய்ச்சும் வாசனை பாதைக்கே வந்துவிடும். பவானி ஜமக்காளமும் சென்னிமலைக் கைத்தறியும் இந்த வாய்க்கால்களுக்கு அருகிலேயே நெய்யப்படுகின்றன.

தண்ணீர் திறக்கும் நாட்களும் பயணத்துக்கு ஒத்துவருகின்றன. அணையில் போதிய நீர் இருந்தால் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானியில் நன்செய்க்குத் திறப்பார்கள். ஆயக்கட்டின் மறு பாதியில் புன்செய்ப் பயிருக்கு ஜனவரியில் திறப்பார்கள். வெயில் தணிந்து, பயிர் பச்சையாக நிற்கும் மாதங்கள் இவை.

இத்திட்டத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் முதன்மையானது உயிர்ப் பாதுகாப்பு. கீழ்பவானியில் முழு அளவில் விநாடிக்கு 2,300 கன அடி நீர் ஓடும்போது உள்ளே விழுந்தவர் தானாகக் கரையேறுவது கடினம். குளிக்கப் போய் உயிரிழப்பவர்களைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. இதை மழுப்பக் கூடாது. வளைவுகளிலும் மதகுகளிலும் தடுப்பு வேண்டும். பாதை நீரோரத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இடையிடையே பிடித்து ஏற சங்கிலியும் படியும் வேண்டும். பொழுது சாய்ந்தபின் அனுமதி கூடாது. ஆனால் இன்று அந்தக் கரையில் ஆளே போவதில்லை என்று நினைத்துக்கொண்டு ஆபத்தைப் பேச முடியாது. மாணவர்களும் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களும் தடுப்போ பலகையோ இல்லாமல் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிக்காக வைக்கும் கம்பி முதலில் காப்பாற்றப்போவது உள்ளூர்ப் பிள்ளையைத்தான். நெடுஞ்சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அந்தப் பிள்ளை ஓட்டும் சைக்கிளையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விவசாயிகளின் கவலை வேறு. பாதை என்று ஆரம்பித்துத் தார் போடுவார்கள், பின்னால் காரும் மண் லாரியும் வரும், கரை பலவீனமாகும், பாட்டில்கள் வயலில் விழும் என்பார்கள். அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. அதனால்தான் பாதை மண் பாதையாகவே இருக்க வேண்டும் என்கிறேன். செம்மண் கிராவலைக் கொட்டி இறுக்கினால் போதும். இரண்டு முனையிலும் சைக்கிள் மட்டும் நுழையும்படி கல் தூண்கள் நட்டு, நீர்வளத் துறை வண்டிக்கும் விவசாயிகளின் டிராக்டருக்கும் தனிப் பூட்டுக் கதவு வைக்கலாம். கரை உடைப்பு ஒரே நாளில் நேர்வதில்லை. நண்டு வளையிலோ அழுகிய வேரின் துளையிலோ சிறு கசிவாகத் தொடங்குகிறது. இத்தனை நீளமான கரையைக் காக்கப் பணியாளர் போதாத நிலையில், தினமும் கரையில் போய்வருகிறவர்களின் கண் கூடுதல் காவல்.

இன்னொன்றையும் இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சுமார் 700 கோடி ரூபாயில் கீழ்பவானி வாய்க்காலைக் கான்கிரீட்டால் சீரமைக்கும் திட்டம் விவசாயிகளை இரண்டு அணியாகப் பிரித்தது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு தரப்பு. கசிவுநீர்தான் எங்கள் கிணறுகளுக்கு உயிர், கரையிலுள்ள மரங்களை வெட்டக் கூடாது என்பது மறு தரப்பு. கடைமடைக்காரரின் குறை உண்மையானது, அதற்குத் தீர்வு வேண்டும். ஆனால் சைக்கிள் பாதையைச் சாக்காக வைத்து ஒரு மரத்தைக்கூடச் சாய்க்கக் கூடாது. நிழல் போய்விட்டால் அந்தப் பாதையில் காலை ஒன்பது மணிக்குமேல் யாரும் ஓட்ட மாட்டார்கள்.

காலிங்கராயன் வாய்க்காலின் நிலைமையோ வேறு விதமானது. ஈரோட்டை ஒட்டிய பகுதியில் சாய, தோல் கழிவுகள் பல ஆண்டுகளாக அதைக் கெடுத்திருக்கின்றன. கழிவு கலக்காமலிருக்க அதன் பக்கத்திலேயே ‘பேபி வாய்க்கால்’ வெட்டினார்கள். அந்தத் துர்நாற்றத்தின் வழியே யாரைச் சுற்றுலாவுக்கு அழைப்பது என்று கேட்பது நியாயமே. ஆனால் யாரும் போகாத கரையில்தான் இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிட முடிகிறது. கொடுமுடிப் பக்கம் நெல்லும் வாழையுமாக இருக்கும் தென்பகுதியில் முதலில் பாதையைத் திறந்து, படிப்படியாக வடக்கே வரலாம்.

வருமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடிவேரிக்குக் காரில் வருகிறவர்கள் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். சைக்கிளில் வருகிறவருக்கு ஒரு நாளில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான் முடியும். வழியில் அவருக்கு டீக்கடை வேண்டும், மெஸ் வேண்டும், பஞ்சர் ஒட்ட ஆள் வேண்டும், இரவு தங்க ஓர் அறை வேண்டும். அந்தப் பணம் சிறிய ஊர்களில் இறங்கும். பிரான்சில் 17-ஆம் நூற்றாண்டில் வெட்டிய, 240 கிலோமீட்டர் நீளமுள்ள மிதி கால்வாயில் சரக்குப் படகுகள் நின்றுபோன பிறகும், கரையோரச் சிற்றூர்கள் படகிலும் சைக்கிளிலும் வரும் பயணிகளால் பிழைக்கின்றன. நம் வாய்க்கால்களில் பாசனம் இன்றும் நடக்கிறது. அதற்கு இடையூறில்லாத அளவில்தான் பயணம் இருக்க வேண்டும். கரை வேலை நடக்கும் வாரங்களில் பாதையை மூடிவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டியதில்லை. தடப்பள்ளி வாய்க்காலில் கொடிவேரியிலிருந்து கோபி வரையுள்ள பகுதியை நீர்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் பாசன சபைகளோடு உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுக்கட்டும். கிராவல், கல் தூண், தடுப்புக் கம்பி, ஊர்ப் பெயரும் மைலும் எழுதிய பலகை ஆகியவற்றை வைத்து, அடுத்த தண்ணீர் திறப்புக்குள் திறந்துவிடட்டும். ஒரு போகம் முடிந்ததும் கரை எப்படி இருக்கிறது என்று விவசாயிகளையே கேட்டு, அதன்பிறகு கீழ்பவானிக்கு நீட்டிப்பதை முடிவு செய்யலாம்.