சட்டம் அறிந்த துணை தேவை

ஒசூர் ஆலைகளில் குடும்பத்தைப் பிரிந்து உழைக்கும் வெளிமாநிலத் தொழிலாளி மனநோய்க்கு ஆளானால், அவருக்காகப் பேசுவது யார்? தனக்கான பிரதிநிதியை நியமிக்கவும், வேண்டிய சிகிச்சையை முன்கூட்டியே எழுதிவைக்கவும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தருகிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரக்கூடியவர் மனநலச் சமூகப் பணியாளர். முதுகலைப் பட்டத்துடன் 2 ஆண்டு எம்.பில். பயிற்சியை அவருக்குத் தகுதியாக வைத்ததும் அதே சட்டம்தான். ஆனால், எம்.பில். படிப்பைக் கைவிட்ட பல்கலைக்கழக மானியக் குழு, இத்துறைக்கு 2025-26 கல்வியாண்டு வரை மட்டுமே விலக்கு அளித்தது.

மருத்துவர்களே போதாதபோது சமூகப் பணியாளருக்குச் சட்டப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மடிந்தது, மருந்து இல்லாததால் அல்ல. உரிமையைக் காக்க ஆளில்லாததால். அருகிலேயே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறதே என்றால், அது நாடு முழுமைக்குமான நிறுவனம். ஒசூர் அமைந்துள்ள மாவட்டத்தின் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலச் சட்டத்துடன் கூடிய முதுநிலைப் பயிற்சியைத் தமிழக அரசு தொடங்க வேண்டும்.