பூட்டு உண்டு, திறப்பு விழா இல்லை

இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாட்களில், நாலு மழை கனமாகப் பெய்தால் போதும். வெள்ளாயணிக் காயலைச் சுற்றியுள்ள வாய்க்கால் வரப்புகளில் ராத்திரி டார்ச் வெளிச்சம் நடமாடத் தொடங்கிவிடும். திருவனந்தபுரத்தில் தூண்டிலும் கூடையும் வைத்திருப்பவர்களுக்கு அது சீசன் தொடக்கம். மீனுக்கோ பிரசவ காலம். இரண்டும் ஒரே வாரத்தில் வந்து விழுவதுதான் சிக்கல்.

காயல் என்று பெயர் இருந்தாலும் வெள்ளாயணியில் உப்பு கிடையாது. சாஸ்தாங்கோட்டை, பூக்கோடு ஏரிகளோடு சேர்த்து எண்ணப்படும் நன்னீர் ஏரி அது. விரால், கெளுத்தி, கெண்டை, ஆரால் எல்லாம் உண்டு. கோடையில் ஆழத்தில் ஒடுங்கிக் கிடப்பவை, புதுவெள்ளம் வந்ததும் சினை வயிற்றோடு ஓட்டத்தை எதிர்த்து ஓடைக்கும் வயலுக்கும் ஏறும். ஊத்த என்பார்கள் இங்கே. வயலில் முழங்கால் அளவுத் தண்ணீர், முட்டை ஒட்டிக்கொள்ளப் புல், குஞ்சுக்குத் தின்னப் பூச்சி புழு, விழுங்க வரும் பெரிய மீன் குறைவு. மழை ஓய்ந்து தண்ணீர் வடியும்போது குஞ்சுகள் வளர்ந்து காயலுக்கு இறங்கும். கணக்கு அவ்வளவு சுத்தம்.

அந்தக் கணக்கின் நடுவில்தான் ஒற்றல் விழுகிறது. அடியில்லாத கூம்பு வடிவ மூங்கில் கூடை அது. கலங்கிய நீரில் சலசலப்பு தெரிந்த இடத்தில் ஒரே அமுக்கு. மேல் வாய் வழியே கையை விட்டுத் துழாவினால் மீன் சிக்கும். போன ஜூனில் ஓர் இளைஞர் அப்படித் தூக்கிய கெண்டையின் வயிற்றைக் கட்டை விரலால் லேசாக அழுத்தினார். மஞ்சள் முட்டை உள்ளங்கையில் வழிந்தது. “இது தப்பில்லையா தம்பி?” என்றேன். “வயலுக்கு மண்ணடிச்சு மதில் கட்டினவனை விட்டுட்டு, கூடை வெச்சவனையா கேக்கிறீங்க அண்ணா?” என்றார்.

நியாயமான கேள்விதான். நெல்வயலையும் நீர்த்தடத்தையும் காக்க 2008இலேயே சட்டம் வந்தது; அதற்கு முன்பும் பின்பும் மூடப்பட்ட வயலில் எந்த மீன் ஏறும்? ஆனால் வழி குறுகக் குறுக, மிச்சமிருக்கும் வழியில் கூடை வைப்பது இன்னும் பெரிய சேதம். பத்து ஓடையில் பிரிந்து ஏறிய மீன் இப்போது ஒரே ஓடையில் ஏறுகிறது. பிடிப்பவருக்கு வசதியாகிவிட்டது.

ஊத்த பிடிப்பது 2010ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. ஆண்டுதோறும் மழை தொடங்கும்போது மீன்வளத் துறை எச்சரிக்கும். மறுநாளும் டார்ச் எரியும்.

இதே ஜூனில் கடலில் நடப்பதைப் பாருங்கள். 9ஆம் தேதி நள்ளிரவில் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை தொடங்கும். கொல்லம் நீண்டகரையில் பாலத்துத் தூண்களுக்கு இடையே சங்கிலியே கட்டிவிடுவார்கள். 1988இல் சண்டை சச்சரவுக்கிடையே தொடங்கிய தடை இது. இன்றைக்கு 52 நாள். அதைக் கேரளம் ஏற்றுக்கொண்டதற்குக் காவல் மட்டும் காரணமில்லை. ஜூலை 31 நள்ளிரவில் சங்கிலி அவிழும். அதற்குள் படகுக்குப் பெயின்ட் அடித்து, வலை பின்னி, ஐஸ் ஏற்றிக் காத்திருப்பார்கள். பூட்டுக்கு ஒரு சாவி நாள் இருக்கிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் இதே தந்திரம்தான். அங்கே வால்ஐ என்ற மீன்மேல் மக்களுக்குப் பித்து. 1965 முதல் மாநில மீனே அதுதான். பனி உருகும்போது அது முட்டையிடும். பிப்ரவரிக் கடைசியில் வால்ஐ பிடிப்பதை நிறுத்திவிட்டு, மே நடுவில் ஒரு சனிக்கிழமை திறப்பார்கள். அந்த நாள் ஊர்த் திருவிழா மாதிரி. 1948 முதல் ஆளுநரே தூண்டிலோடு கிளம்புவது மரபு. அங்கே சீசனின் முதல் மீன், முட்டையிட்டு முடித்த மீன்.

நமக்கும் அப்படி ஒரு நாள் கையிலேயே இருக்கிறது. சிங்க மாதம் ஒன்றாம் தேதி, நம் ஆவணிப் பிறப்பு. கேரளத்தில் அது விவசாயிகள் நாளும்கூட. இடவப்பாதியில் ஓடையை மூடி, சிங்கம் ஒன்றில் காயலைத் திறக்கலாம். தூண்டில் போட்டி வைக்கலாம், அமைச்சரையும் அழைக்கலாம். அப்போதும் செம்பந்தாகத் திரளும் விரால் பார்ப்புகளுக்கு மத்தியில் ரப்பர் தவளையை எறிந்து, குஞ்சைக் காக்கப் பாயும் தாய் தகப்பனைக் கொக்கியில் மாட்டுவதை மட்டும் விலக்கிவைக்க வேண்டும்.

‘பிடிக்காதே’ என்று மட்டும் சொன்னால் ராத்திரியில் பிடிப்பார்கள். ‘இன்ன தேதிக்கு வா’ என்றால் பெரும்பாலோர் பகலில் வருவார்கள்.